இரண்டு பாஸ், மூன்று அரியர்: கரஸ் படிப்பை விட்டுவிடலாமா?

கேள்வி:

என் வயது 38. வியாசர்பாடியில் இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் மயிலாப்பூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ பாஸ் செய்ததும் கல்யாணம் ஆகிவிட்டது. டிகிரி இல்லை என்பதால் எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் எனக்கு மேலே போய்விட்டார்கள். போன வருடம் துணிந்து கரஸில் பி.ஏ. பொது நிர்வாகம், தமிழ் வழியில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் ஐந்து பேப்பர். இரண்டுதான் பாஸ். அரசியலமைப்பில் 36, பொருளாதாரத்தில் 31, ஆங்கிலத்தில் 22. 40 எடுத்தால் பாஸ். அரசியலமைப்பு பேப்பரில் இன்டர்னல் கட்டத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறது. அசைன்மென்ட்டைக் கடைசி நாளில்தான் கொடுத்தேன். ஸ்டடி சென்டருக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு நாற்பது நிமிஷம் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். ஆபீசில் "இந்த வயசுல எதுக்கு?" என்று சிரிக்கிறார்கள். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. நான் டிகிரி வாங்கினால் மகளுக்கு முதல் பட்டதாரி சலுகை போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு பயமுறுத்துகிறார். என் மண்டைக்கு இனிமேல் படிப்பு ஏறாதோ? விட்டுவிடலாமா?

பதில்:

மண்டை, வயது எல்லாம் அப்புறம் பார்க்கலாம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ராத்திரி நாற்பது நிமிஷம், ஞாயிறு மூன்று மணி நேரம். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பில்லிங் கவுண்ட்டரில் இருப்பவருக்குக் கணக்கு புதிதில்லை. வாருங்கள், ஒரு பில் போடுவோம்.

தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. பாடம் படிப்பது, கான்டாக்ட் கிளாஸ் என்கிற நேரடி வகுப்பு, அசைன்மென்ட் எல்லாம் சேர்த்துத்தான். 4 கிரெடிட் பேப்பர் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஐந்து பேப்பருக்கு 600 மணி நேரம். உங்களிடம் இருப்பது வார நாட்களில் நான்கு மணி நேரம், ஞாயிறு மூன்று, ஆக வாரத்துக்கு ஏழு. அரை வருடத்துக்கு 26 வாரம், 182 மணி நேரம். பொங்கல், சொந்தத்தில் ஒரு கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று வாரம் கழித்தால் 160 சொச்சம் மிஞ்சும்.

600 மணி நேரம் கேட்கிற இடத்தில் 160 மணி நேரம் கொடுத்துவிட்டு இரண்டு பேப்பர் பாஸ் செய்திருக்கிறீர்கள். கணக்குப்படி ஒன்றேகால் பேப்பருக்குக் கொஞ்சம் மேலேதான் தேற வேண்டும். இதைப் படிப்பு ஏறாதவரின் மார்க் ஷீட் என்று நான் சொல்ல மாட்டேன். சேரும்போதே யாராவது இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அட்மிஷன் கவுண்ட்டரில் ஃபீஸ் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தொடங்கப்பட்டதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். ஆனால் சேர்த்துக்கொண்டு புத்தகத்தைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்ற நினைப்பு இந்தத் துறையில் நிறையப் பேருக்கு உண்டு. இருபது வருடமாக வாரக் கடைசியில் கரஸ் மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அதனால் படிப்பை விட வேண்டாம், வேகத்தை விடுங்கள். மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் எழுதி வாங்கவில்லை. இக்னோவில் மூன்று வருடப் பட்டப்படிப்பை ஆறு வருடம் வரை முடிக்கலாம். ஜூனில் எழுத முடியாததை டிசம்பரில் எழுதலாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் அதிகபட்சம் எத்தனை வருடம் என்பது ப்ராஸ்பெக்டஸில் இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆறு வருடம் என்றே வைத்துக்கொள்வோம். செமஸ்டருக்கு ஐந்து வீதம் மொத்தம் 30 பேப்பர், தேர்வுகள் 12. சராசரி இரண்டரை. ஒரு தடவை இரண்டு, ஒரு தடவை மூன்று என்று எழுதினால் போதும்.

அதற்கும் அரை வருடத்துக்கு 300 மணி நேரம் வேண்டுமே என்பீர்கள். மீதியை எங்கே எடுப்பது? தூக்கத்தில் கை வைக்காதீர்கள். பகலெல்லாம் பில்லிங் கவுண்ட்டரில் இருப்பவர் நாலு மணிக்கு எழுந்து படிப்பது பத்து நாள் நடக்கும், பதினோராம் நாள் பில்லில் ஒரு சைபர் கூடிப்போகும். பெரம்பூரிலிருந்து 29சி பிடித்தால்கூட மயிலாப்பூருக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். போக வர ஒன்றரை மணி. ஆறு நாளைக்கு ஒன்பது மணி நேரம். வீட்டில் கிடைக்கிற ஏழு மணி நேரத்தைவிட இது அதிகம், கவனித்தீர்களா?

பஸ்ஸில் புத்தகத்தை விரிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். உட்கார இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆனால் காது சும்மாதானே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடத்தைப் படித்ததும் அதன் சாரத்தை உங்கள் குரலிலேயே போனில் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வாசிக்காதீர்கள், மகனுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி பேசுங்கள். "அடிப்படை உரிமைகள் எங்கே இருக்கு? பகுதி மூன்று, பிரிவு 12-லேர்ந்து 35 வரைக்கும்" என்று கேள்வியும் பதிலுமாக. கேள்விக்குப் பிறகு பத்து விநாடி இடைவெளி விடுங்கள். பஸ்ஸில் கேட்கும்போது அந்த இடைவெளியில் மனதுக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவர முயல்வதுதான் மனதில் தங்கும். படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதி வைத்துவிட்டார். மறதி உங்களுக்கு 38 வயதில் வந்த நோய் கிடையாது. பஸ் நேரத்தைப் பாதிக்குப் பாதி என்று மதிப்புப் போட்டாலும் வாரம் நாலரை மணி நேரம் கூடுகிறது. ஏழும் நாலரையும் பதினொன்றரை. அதை 26-ஆல் பெருக்கினால் 299. முன்பு கழித்த மூன்று வாரத்தை இங்கேயும் கழித்தால் 264 மிஞ்சும். பில் ஏறக்குறைய நேராகிவிட்டது.

இன்னொரு விஷயம் உங்களிடம் இருக்கிறது, கல்லூரியில் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் இல்லாதது. பொது நிர்வாகம் என்ற பாடத்துக்குள்தான் நீங்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்திருப்பீர்கள். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் நின்றிருப்பீர்கள். மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். 74-வது அரசியலமைப்புத் திருத்தம் 1992 என்று மனப்பாடம் செய்தால் ஒட்டாது. உங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால் யாரிடம் போவீர்கள்? சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம். அந்தக் கவுன்சிலருக்கும் நகர உள்ளாட்சிக்கும் அரசியலமைப்பில் இடம் கொடுத்தது அந்தத் திருத்தம்தான் என்று படித்தால் மறக்குமா? பொருளாதாரமும் அப்படித்தான். தேவையும் அளிப்பும் என்ற பாடத்தைக் கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறி இறங்கும் கதையாகப் படியுங்கள். பரீட்சையில் அந்த உதாரணத்தையே எழுதலாம், தப்பே இல்லை.

அடுத்தது கை. வயது வந்த மாணவர்கள் தோற்பதற்கு இது ஒரு பெரிய காரணம், ஆனால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. இத்தனை வருடமாகக் கீபோர்டில் தட்டிய விரல்கள் திடீரென்று மூன்று மணி நேரம் பேனா பிடித்தால் என்ன ஆகும்? இரண்டாவது மணி நேரத்திலேயே கட்டைவிரல் மரத்துப்போகும். நான் கல்யாணத்துக்குப் பிறகு கரஸில் எம்.ஏ. எழுதியபோது கடைசி இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தும் கை வராமல் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். 27 மார்க். புத்தகத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்த காலம் அது, ஃபெயிலானதையும் ஒளித்தேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கையால் எழுதுவதற்கு ஒதுக்குங்கள். பழைய கேள்வித்தாளில் ஒரு பெரிய கேள்வி, இரண்டு சின்னக் கேள்வி. கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். முதல் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதிவிட்டுக் கடைசிக் கேள்வியை விட்டுவிடும் பழக்கமும் இதில் தானாகச் சரியாகும்.

அசைன்மென்ட் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இக்னோவில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. உங்கள் பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாங்கக்கூடிய மார்க் அது. அதைக் கடைசி நாளில் கொண்டுபோய்க் கொட்டுவது, ஆஸ்பத்திரி பில்லில் காப்பீட்டுப் பணத்தைக் கழிக்க மறந்த மாதிரி. ரெடிமேடாக எழுதிக் கொடுக்கிற ஜெராக்ஸ் கடைப் பக்கமும் போக வேண்டாம். பிடிபடுவீர்கள் என்பதற்காகக்கூட இல்லை, நாலு அசைன்மென்ட் கையால் எழுதினால் அதுவே பாதிப் பரீட்சைக்குப் படித்ததாகிவிடும்.

ஆங்கிலம் 22. இதில் உங்களுக்கு இரண்டு ஆசை கலந்து கிடக்கிறது என்று நினைக்கிறேன்: ஆங்கிலம் கற்றுக்கொள்வது, ஆங்கிலப் பேப்பர் பாஸ் செய்வது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். இப்போதைக்கு இரண்டாவது மட்டும் போதும். கடைசி ஐந்து கேள்வித்தாள்களை எடுத்து வைத்துப் பார்த்தால் கடிதம், பத்தியைப் படித்துப் பதில், இலக்கணத்தில் கோடிட்ட இடம் என்று வந்ததே வருவது தெரியும். பத்தியைப் படித்து எழுதும் கேள்விக்குப் பதில் அந்தப் பத்தியிலேயே இருக்கிறது. கடிதத்தின் அமைப்பை நான்கு முறை எழுதிப் பார்த்தால் போதும். பிளஸ் டூ படிக்கும் மகள்தான் இதற்குச் சரியான டீச்சர். அவளுக்கும் அது ரிவிஷன்.

மகளை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு படிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் படுத்த பிறகு? வீட்டில் ஒரு பிள்ளை பொதுத்தேர்வுக்குப் படிக்கும்போது டி.வி. எப்படியும் அணைந்திருக்கும். அந்த நேரத்தில், அதே டியூப் லைட்டுக்குக் கீழே நீங்களும் உட்காருங்கள். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் யார் கழுவுவது என்ற கேள்வி வரும். வரட்டும். எட்டாவது படிக்கும் பையனுக்கும் ஆட்டோக்காரருக்கும் கை இருக்கிறது. கணவரிடம் "நான் படிக்கட்டுமா?" என்று அனுமதி கேட்கிற மாதிரி பேசாதீர்கள். "எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் எனக்கு வேண்டும், தேர்வுக்கு முந்தின இரண்டு வாரம் சமையலில் உதவி வேண்டும்" என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "உதவி செய்யுங்க" என்று சொன்னால் எந்த வீட்டிலும் நடப்பதில்லை.

வீட்டில் இடமே இல்லை என்றால் ஞாயிறு மூன்று மணி நேரத்துக்கு வெளியே போகலாம். கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் உங்களுக்கு எட்டுகிற தூரம்தான், அங்கே படிப்பதற்கென்றே இடம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கக் கிடைத்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதி உண்டு. உங்கள் வயதுக்காரர்களும் அங்கே வருகிறார்கள், கூச்சப்பட வேண்டாம்.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவின் குண்டு. முதல் பட்டதாரி சலுகை, பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு உரியது. மகள் சேரும் நேரத்தில் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை என்பதுதான் பேச்சு. மகள் அடுத்த வருடமே கல்லூரிக்குப் போகிறாள், நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதற்குள் பட்டம் வாங்க முடியாது. மகனைப் பற்றிக் கவலைப்பட்டால், அந்தச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மகள் வாங்கிவிட்டால் தம்பிக்கு எப்படியும் கிடையாது, அதற்கு அம்மாவின் பி.ஏ. காரணமாகாது. மகள் பொறியியல் போகிறாள் என்றால் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வையுங்கள். அவள் ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்டு வாங்குங்கள். உங்களைப் போலத் தொலைநிலையில் படிப்பவர்களுக்கு அது இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஆபீஸ் சிரிப்பைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றும் இல்லை. அவர்களிடம் பாராட்டை எதிர்பார்க்காதீர்கள், ஷிஃப்ட் மாற்றத்தை மட்டும் கேளுங்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றே நகல் எடுத்து, தேதிகளைக் குறித்து, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் போய் நின்றால் மறுப்பது சுலபம்.

கரஸ் டிகிரிக்கு மதிப்பு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் படிப்பின் பெயர் அந்தக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்துவிட்டு, பத்தாவதுகூட முடிக்காத தோழி யாராவது நேராக டிகிரியில் சேரலாமா என்று கேட்டால் தடுத்துவிடுங்கள். பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை இல்லாவிட்டால் தமிழ்நாடு அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லாது. முதலில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதட்டும்.

அடுத்த கான்டாக்ட் கிளாஸில் உங்கள் வயதில் ஒருவரையாவது பிடித்து நம்பர் வாங்குங்கள். அறுபது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள்தான் வரும். "நான் இந்த வாரம் மூணாவது பாடம் முடிச்சேன், நீ?" என்று கேட்க ஒரு ஆள் போதும்.

கடைசியாக அந்த 36. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்டர்னல் கட்டத்தில் கோடு என்றால் சைபர் இல்லை, அநேகமாக மார்க் ஏறவே இல்லை என்று அர்த்தம். அப்படியானால் அந்த 36 முழுக்கத் தேர்வில் வாங்கியது. தேர்வு 70-க்கு என்றால் பாதிக்கு மேல். அசைன்மென்ட் மார்க் நாலே நாலு ஏறினாலும் 40 வந்துவிடும். மறுபடி போன் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். பதிவு எண், பேப்பர் குறியீடு, அசைன்மென்ட் கொடுத்த தேதி போட்டு ஒரு கடிதம் எழுதி, மார்க் ஷீட் நகலையும் ஒப்புகைச் சீட்டு நகலையும் இணைத்து, ஸ்டடி சென்டரில் ஒன்று, பல்கலைக்கழக மாணவர் சேவைப் பிரிவில் ஒன்று நேரில் கொடுங்கள். உங்கள் பிரதியில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள். ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை. பதில் வரும் வரை அரசியலமைப்புக்கு அரியர் ஃபீஸ் கட்ட அவசரப்பட வேண்டாம், ஆனால் விண்ணப்பக் கடைசித் தேதி நெருங்கினால் கட்டிவிடுங்கள். இந்த முறைக்குப் பொருளாதாரம், அதோடு புது செமஸ்டரில் உங்களுக்குச் சுலபமாகத் தோன்றும் ஒன்று. ஆங்கிலம் அடுத்த முறை, மகளின் பொதுத்தேர்வு முடிந்த பிறகு.